‘கிரேப்ஃப்ரூட்’ ஒரு தொடரின் துணைச்சரக்கு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடத் தொடர்களைப் பற்றி வெளிவந்த நீண்ட கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஓவியர்களின் உழைப்பையும் கதை சொல்லும் முறையையும் கட்டுரையாளர் பொறுமையாக விளக்கியிருந்தார். ஆனால் இசையைப் பற்றிப் பேசும் கடைசிப் பகுதியில், குரல் நடிகையும் பாடகியுமான மாயா சகாமோட்டோவின் ‘கிரேப்ஃப்ரூட்’ ஆல்பத்தை ‘எஸ்காஃப்லோனே’ தொடரின் பாடல் தொகுப்பு என்று குறிப்பிட்டுவிட்டு, குரல் நடிகர்கள் வெளியிடும் ஆல்பங்கள் எல்லாமே தொடரின் புகழை வைத்துக் கூடுதலாகக் காசு பார்க்கும் முயற்சிகள் என்று ஒரே வரியில் தீர்ப்பும் எழுதிவிட்டார். முதலாவது தகவல் பிழை. இரண்டாவது, அந்தப் பிழையின் மேல் எழுப்பப்பட்ட தவறான முடிவு. அனிமே இசையைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் வாசகன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே மறுக்க விரும்புகிறேன். மறுப்பு நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும். ஒரு வரியில் சொல்லப்பட்ட தீர்ப்பை ஒரு வரியில் மறுக்க முடிவதில்லை.

முதலில் தகவல். ‘எஸ்காஃப்லோனே’ தொடரை சன்ரைஸ் நிறுவனம் தயாரித்தது. கசுகி அகானே இயக்கினார். டிவி டோக்கியோ அலைவரிசையில் 1996 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 பகுதிகளாக அது ஒளிபரப்பானது. அத்தொடரின் பின்னணி இசையை யோகோ கன்னோவும் செல்லோ கலைஞர் ஹஜிமே மிசோகுச்சியும் சேர்ந்து அமைத்தார்கள். அந்த இசை தொடரின் பெயரிலேயே தனித்தனி இசைத்தட்டுகளாக வெளிவந்தது. ‘கிரேப்ஃப்ரூட்’ அவற்றில் ஒன்றன்று. அது மாயா சகாமோட்டோவின் பெயரில், அவருடைய முதல் முழு ஆல்பமாக, 1997 ஏப்ரல் 23 அன்று விக்டர் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் வழியே வந்தது. தொடர் முடிந்து அப்போது ஏறத்தாழ ஏழு மாதங்கள் கடந்திருந்தன. தொடரில் ஒலித்த சில பாடல்கள் அதில் உண்டு என்பது உண்மைதான். கட்டுரையாளரின் குழப்பத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் தொடருக்கு எந்தத் தொடர்பும் இல்லாத பாடல்களே அந்த ஆல்பத்தின் முகத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை ஒருமுறை முழுதாகக் கேட்டவர்கள் உணர்வார்கள்.

கட்டுரையாளரின் ஐயத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1990களில் ஜப்பானில் குரல் நடிகர்களுக்கு ஏற்பட்ட மதிப்பு அதற்கு முன் காணாத ஒன்று. அவர்களுக்கென்றே தனி இதழ்கள் 1994இல் தொடங்கப்பட்டன. வானொலியில் அவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு நேயர்கள் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினார்கள். மெகுமி ஹயாஷிபரா கிங் ரெகார்ட்ஸ் நிறுவனத்தின் பாடகியாக இடைவிடாமல் ஆல்பங்களை வெளியிட்டுவந்தார். ஹெகிரு ஷீனா 1997இல் டோக்கியோவின் புகழ்பெற்ற நிப்பான் புடோகான் அரங்கில் தனிக் கச்சேரி நடத்தி, அந்த மேடையில் தனியாகப் பாடிய முதல் குரல் நடிகை என்ற பெயரைப் பெற்றார். இந்த அலையில் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு இருந்த கணக்கும் மறைவானதன்று. அனிமே தயாரிப்பில் அவை பங்குபெறும். தொடக்கப் பாடலையும் முடிவுப் பாடலையும் தம் பாடகர்களுக்கு வாங்கிக்கொள்ளும். வாரந்தோறும் தொலைக்காட்சியில் ஒலிக்கும் அந்தப் பாடலே இலவச விளம்பரமாகவும் அமைந்துவிடும். இவற்றோடு, கதாபாத்திரமே பாடுவதாகப் பாவித்து, அந்தப் பாத்திரத்தின் குரலிலும் பெயரிலும் பதிவு செய்யப்படும் பாத்திரப் பாடல்கள் என்ற வகை ஒன்றும் செழித்திருந்தது. இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் கட்டுரையாளர் சொன்ன வணிகம் உண்மையில் இருந்தது, இன்றும் இருக்கிறது. என் வாதம், ‘கிரேப்ஃப்ரூட்’ அந்த வணிகத்தின் வாசல் வழியே உள்ளே வந்தாலும் அதன் விதிகளின்படி உருவாகவில்லை என்பதே.

அந்த வாசல் எது என்பதைச் சொல்ல வேண்டும். ‘எஸ்காஃப்லோனே’யின் நாயகி ஹிதோமி கன்சாகி ஒரு பள்ளி மாணவி, ஓட்ட வீராங்கனை, டாரட் சீட்டு வைத்துத் தோழிகளுக்குக் குறி சொல்பவள். பூமியும் நிலவும் வானில் தெரிகிற இன்னோர் உலகத்துக்கு அவள் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு நடக்கும் போருக்குள் சிக்கிக்கொள்கிறாள். அவளுக்குக் குரல் கொடுத்த மாயா சகாமோட்டோ 1980 மார்ச் 31 அன்று பிறந்தவர். தொடர் தொடங்கியபோது அப்போதுதான் பதினாறு நிரம்பியிருந்தது. சிறு வயதிலேயே குழந்தைகள் நாடகக் குழுவில் சேர்ந்து டப்பிங் பேசிப் பழகியவர் என்றாலும், ஒரு தொடரின் நாயகியாக அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு இதுதான். தொடக்கப் பாடலையும் அவரே பாடட்டும் என்று முடிவானது. யூஹோ இவாசாட்டோ எழுதி யோகோ கன்னோ இசையமைத்த ‘யகுசோகு வா இரனாய்’, அதாவது ‘வாக்குறுதிகள் வேண்டாம்’ என்ற அந்தப் பாடல், 1996 ஏப்ரலில் தனிப்பாடலாக வெளிவந்து அவரைப் பாடகியாக்கியது.

தொலைக்காட்சித் தொடரின் தொடக்கப் பாடலுக்கு ஒதுக்கப்படுவது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். அதற்குள் நாயகர்களின் முகங்கள் வந்துபோக வேண்டும், வாள்கள் மோத வேண்டும், தொடரின் பெயர் திரையில் விழ வேண்டும். கேட்பவரின் காது பாதி வேலைதான் செய்யும். மீதியைக் கண் எடுத்துக்கொள்ளும். அதே பாடலை ‘கிரேப்ஃப்ரூட்’ ஆல்பத்தில் முழு நீளத்தில், படம் ஏதுமின்றி, முன்னும் பின்னும் வேறு பாடல்கள் சூழ்ந்திருக்கக் கேட்கும்போது அது வேறொரு பொருளாகிவிடுகிறது. தொடரில் அது ஹிதோமிக்கும் அந்த வேற்றுலகத்து இளவரசன் ‘வான்’ என்பவனுக்கும் இடையிலான உறவைப் பேசுவதுபோல் தோன்றியது. ஆல்பத்தில் இளவரசன் இல்லை. எதிர்காலத்தைப் பற்றி யாரிடமும் உறுதிமொழி கேட்காமல் இந்தக் கணத்தை மட்டும் நம்பத் துணிகிற ஒரு பதின்வயதுப் பெண்ணின் மனம் மட்டுமே இருக்கிறது. வணிகத் தொகுப்பு என்றால் வெற்றிபெற்ற பாடலை மையத்தில் வைத்து மற்றவற்றை அதைச் சுற்றி நிரப்பியிருப்பார்கள். இங்கோ அந்தப் பாடல் பலவற்றுள் ஒன்றாகத் தன் இடத்தில் அடங்கி நிற்கிறது.

அந்த ஆல்பத்தின் பெருமையில் சரிபாதி யோகோ கன்னோவுக்கு உரியது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மியாகி மாநிலத்துக்காரரான அவர், மாணவப் பருவத்திலேயே கணினி விளையாட்டுகளுக்கு இசை அமைக்கத் தொடங்கி, ‘தெட்சு 100%’ என்ற குழுவில் விசைப்பலகை வாசித்து, எண்ணற்ற விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டு, அதன் பிறகு அனிமே இசைக்கு வந்தவர். சில நொடிகளே ஓடும் விளம்பரத்தில் ஒரு குரலைக் கேட்பவர் மனத்தில் பதியவைக்கும் வித்தை அந்தப் பயிற்சியில் கைவந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ‘எஸ்காஃப்லோனே’யின் பின்னணி இசைக்கு வார்சா பில்ஹார்மோனிக் இசைக்குழுவையே பயன்படுத்தி, சேர்ந்திசைப் பாடகர்களின் முழக்கத்தோடு போர்க்களத்தை எழுப்பிய அதே கை, இந்த ஆல்பத்தில் பெரும்பாலான இடங்களில் தன் அளவைச் சுருக்கிக்கொண்டு ஒரே ஒரு பெண்ணின் மூச்சுக்கு இடம்விட்டு நிற்கிறது. அப்படி நிற்பது எளிதன்று. பயிற்சி முதிராத குரலோடு பணியாற்றும் இசையமைப்பாளர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள்: ஒன்று, குரலின் குறை தெரியாதபடி வாத்தியங்களை அடுக்கி மூடுவார்கள்; அல்லது நான்கைந்து சுரங்களுக்குள் சுற்றிவரும் எளிய மெட்டைக் கொடுத்துத் தப்பிவிடுவார்கள். கன்னோ இரண்டையும் செய்யவில்லை. எதிர்பாராத இடத்தில் தாவும் மெட்டுகளையும், அடி முடியும்முன் நிறம் மாறும் இசைவுகளையும் அந்தப் பதினேழு வயதுக் குரலிடம் கொடுத்து, அதைத் திறந்த வெளியில் பாடவிட்டிருக்கிறார்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதத்தையே எழுதத் துணிந்தேன். ‘கிரேப்ஃப்ரூட்’ ஆல்பத்தில் நாம் கேட்பது கிளைகளோ வளைவுகளோ இல்லாத, நேராக நீளும் ஒரு குரல். நீண்ட சுரங்களில் குரலை அதிரவிட்டு உணர்ச்சி காட்டும் வழக்கம் அதில் அரிது. உச்சத்துக்குப் போகும்போது அது உரக்க ஒலிப்பதில்லை. மெலிகிறது, சில நேரம் காற்றோடு கலந்துவிடுகிறது. அந்தக் காலத்து ஜப்பானியப் பாப் பாடகிகள் பலர் உச்சங்களைப் பலத்தால் வென்றார்கள். இவர் பலத்தைக் காட்டாமல் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவருகிறார். கன்னோவின் கடினமான மெட்டும் இந்த அலங்காரமற்ற குரலும் ஒன்றையொன்று உரசும் இடங்களில்தான் ஆல்பத்தின் அழகு பிறக்கிறது என்பது என் கணிப்பு. தேர்ந்த பாடகி ஒருவர் அதே மெட்டுகளை இன்னும் சுத்தமாகப் பாடியிருப்பார்; ஆனால் அந்தப் பாடல்கள் எந்த வயதைப் பற்றியவையோ அந்த வயது அவர் குரலில் இருந்திருக்காது.

பாடல்கள் எதைப் பேசுகின்றன என்று பாருங்கள். ‘மிகி ஹொப்பே நோ நிகிபி’ என்பது வலக் கன்னத்தில் முளைத்த ஒரு பருவைப் பற்றியது. ‘டோக்கியோ சமுய்’ டோக்கியோவின் குளிரைச் சொல்கிறது. ‘வதாஷி வா ஓகா நோ உஏ கரா கபின் ஓ நகெரு’ என்ற நீண்ட தலைப்பு, குன்றின் மேலிருந்து பூச்சாடியை எறியும் ஒருத்தியைக் காட்டுகிறது. ஒரு போர்க் காவியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு விற்பனையாக நினைத்த தொகுப்பில் முகப்பருவுக்கு என்ன வேலை? வேற்றுலகில் சிறகுகளோடு பறக்கும் இளவரசனைக் காதலித்த ஹிதோமி இந்தப் பாடல்களில் இல்லை; காலையில் எழுந்து கண்ணாடி பார்த்துச் சலித்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பும் பெண் இருக்கிறாள். இவாசாட்டோவின் வரிகளின் சிறப்பும் இங்குதான் தெரிகிறது. அவர் இளமையை உயர்த்திப் பாடவில்லை. அதற்காக அனுதாபப்படவும் இல்லை. பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றும் கவலைகளை அவற்றின் உண்மையான எடையோடு எழுதியிருக்கிறார். பாடுபவரும் அந்த எடையைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே நம் கையில் தருகிறார். கன்னோவும் சளைக்கவில்லை, ஒரு பாடலில் துள்ளிவரும் தாளம், அடுத்ததில் நரம்பிசைக் கருவிகளின் மெல்லிய விரிப்பு என்று மனநிலை மாறிக்கொண்டே இருக்கிறது. பதினேழு வயதில் ஒரு நாளைக்குள் மனம் எத்தனை முறை மாறுமோ அப்படி.

‘கஸே கா ஃபுகு ஹி’, அதாவது ‘காற்று வீசும் நாள்’, தனியாகச் சொல்லத் தக்கது. தொடரிலிருந்து வந்த பாடல்தான் இது. தன்னம்பிக்கை இழந்த ஒருத்தி மெல்ல நிமிர்வதைப் பேசும் இந்தப் பாடலில், தொடங்கும்போது கிட்டத்தட்டப் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் குரல், மெட்டு விரிய விரியத் தானும் விரிகிறது; எங்கே பேச்சு முடிந்து பாட்டு தொடங்கியது என்று கோடு போட முடியாது. பாடல் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு இது எளிதில் அமையாது. இங்கேதான் அவருடைய டப்பிங் தொழில் பாட்டுக்குள் நுழைகிறது.

இதை விளக்க, ஜப்பானில் அனிமே குரல்பதிவு நடக்கும் முறையைச் சொல்வது உதவும். ஒரு காட்சியில் வரும் கலைஞர்கள் பலரும் பெரும்பாலும் ஒரே அறையில் கூடுவார்கள். சில மைக்குகளே நிறுத்தப்பட்டிருக்கும். தன் முறை வரும்போது ஒருவர் முன்வந்து பேசிவிட்டு, ஓசை எழாமல் பின்வாங்கி அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். கையிலுள்ள வசனத் தாள் புரளும் சத்தம்கூட மைக்கில் விழக்கூடாது. திரையில் அசையும் வாய்க்கும் கடிகாரத்துக்கும் ஒருசேரக் கட்டுப்பட்டு, ஓடுவது, விழுவது, அழுகையை அடக்குவது எல்லாவற்றையும் அசையாமல் நின்றபடி மூச்சால் மட்டும் காட்டவேண்டும். இந்தப் பயிற்சியில் வளர்ந்தவர்களுக்கு மூச்சு எடுப்பதும் வசனத்தின் ஒரு பகுதிதான். சகாமோட்டோவின் பாடல்களில், அடி தொடங்குமுன் அவர் இழுக்கும் மூச்சைக் கவனித்துக் கேட்டால் அந்த அடியின் மனநிலை முன்னதாகவே தெரிந்துவிடும். மெய்யெழுத்துகளை அவர் தெளிவாக உதிர்க்கும் விதமும் அங்கிருந்து வந்ததே. மேடைக்கென்று குரலை வளர்த்தவர் தொலைவில் இருப்பவரை நினைத்துப் பாடுவார். மைக்கின் முன் வளர்ந்த இவர், காதுக்கு அருகே இருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோலப் பாடுகிறார்.

குரல் நடிகர் பாடுவது நடிப்பின் நீட்சிதான் என்று கட்டுரை சொல்கிறது. பாத்திரப் பாடல்களுக்கு அது பொருந்தும். இந்த ஆல்பத்துக்குப் பொருந்தாது. தொழில்நுட்பம் டப்பிங் அறையிலிருந்து வந்திருக்கலாம், பாத்திரம் வரவில்லை. வாரம் முழுவதும் இன்னொருத்தியாக மாறிப் பேசுவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு சிறுமி, தன் பெயரை மட்டும் போட்டு, தன் இயல்பான குரலில், யாராகவும் மாறாமல் துணிவோடு நிற்பதைத்தான் ‘கிரேப்ஃப்ரூட்’ ஆல்பத்தில் கேட்கிறோம். நடிகைக்கு இது சிறிய காரியமன்று.

பாட்டெழுதியவர் வேறொருவர், மெட்டுப் போட்டவர் வேறொருவர் என்னும்போது இது எப்படி அவருடைய ஆல்பமாகும் என்று சிலர் கேட்கலாம். திரைப்பாடல்களில் ஊறிய நமக்கு இந்தக் கேள்வி பெரிதாகத் தோன்றக்கூடாது. கவிஞரும் இசையமைப்பாளரும் கொடுத்ததைப் பாடித் தம்முடையதாக்கிக்கொண்ட பாடகர்களை நாம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடி வருகிறோம். ஆனாலும் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. ‘கிரேப்ஃப்ரூட்’ ஆல்பத்தில் எல்லா முடிவுகளும் அந்தப் பெண்ணுடையவை அல்ல. கன்னோ வரைந்த பாதையில் அவர் நடந்தார். எனவேதான் இந்த ஆல்பத்தின் முழு மதிப்பும் அதற்குப் பின் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிறது.

அதற்குமுன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆல்பம் ஒரே சீராக இல்லை. வேகமான ஓரிரு பாடல்களில் வாத்தியங்கள் முந்திக்கொண்டு ஓட, குரல் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. தாழ்ந்த சுரங்களில் அவர் குரலுக்கு அப்போது போதிய கனம் இல்லை. சொற்கள் அங்கே கரைந்துபோகின்றன. இந்தக் குறைகளெல்லாம் அடுத்த ஆல்பமான ‘டைவ்’ 1998இல் வந்தபோதே பெரும்பாலும் நீங்கிவிட்டன. இசைக் கட்டமைப்பிலும் ஒருமையிலும் ‘டைவ்’ மேலானது என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆயினும் முதல் ஆல்பத்தில் இருக்கும் கூச்சமும் துணிச்சலும் கலந்த அந்த ஒலி அதன் பிறகு அவருக்கே திரும்பக் கிடைக்கவில்லை, கிடைத்திருக்கவும் முடியாது.

பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன்னோவின் இசையில் 1998இல் ‘லோடோஸ் தீவுப் போர்’ தொடருக்கும் 1999இல் ‘கார்ட்கேப்டர் சகுரா’ தொடருக்கும் அவர் பாடிய தொடக்கப் பாடல்கள் அவரைப் பரவலாக அறியவைத்தன. ‘லூசி’ 2001இலும் ‘ஷோனென் அலிஸ்’ 2003இலும் வந்தன. அதன்பின் ஆசிரியரும் மாணவியும் பிரிந்தார்கள். கன்னோவின் கை இல்லாமல் 2005இல் ‘யூனகி லூப்’ வந்தபோது, இவரால் தனித்து நிற்க முடியுமா என்ற ஐயத்துக்கு விடை கிடைத்தது. 2008இல் ‘மேக்ராஸ் ஃப்ரான்டியர்’ தொடருக்காக இருவரும் மறுபடி சேர்ந்து உருவாக்கிய ‘ட்ரையாங்க்ளர்’, ஜப்பானின் இசை விற்பனைப் பட்டியலான ஓரிகானின் வாரப் பட்டியலில் 3ஆம் இடத்தைப் பிடித்தது. 2010 மார்ச் 31 அன்று, தம் முப்பதாவது பிறந்தநாளில், அவர் புடோகான் அரங்கில் பாடினார். 2011இல் ‘யூ கான்ட் கேட்ச் மீ’ ஆல்பம் ஓரிகான் பட்டியலில் முதலிடம் பெற்றது. 2013இல் ‘சிங்கர்சாங்ரைட்டர்’ என்ற ஆல்பம் வந்தது. அதில் எல்லாப் பாடல்களுக்கும் சொல்லும் மெட்டும் அவருடையவை. பிறர் எழுதிக் கொடுத்ததைப் பாடித் தொடங்கிய ஒருவர், பதினாறு ஆண்டுகள் கழித்துத் தாமே எழுதி இசையமைத்த தொகுப்பை வெளியிடுகிறார். ‘கிரேப்ஃப்ரூட்’ தொடரின் துணைச்சரக்காக மட்டும் இருந்திருந்தால், தொடரின் நினைவு மங்கியபோதே இந்த வாழ்க்கையும் முடிந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் அவர் குரல் நடிப்பை விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1995இல் வந்த ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ படத்தின் இறுதியில் சிறுமியின் உடலோடு எழும் நாயகி மோட்டோகோவுக்குச் சில வரிகள் பேசிய அவரே, 2013இல் ‘அரைஸ்’ வரிசையில் அந்தப் பாத்திரத்துக்கு முழுமையாகக் குரல் கொடுத்தார். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் ஜப்பானியப் பதிப்பில் பத்மே அமிடாலாவுக்குப் பேசியதும் அவர்தான். பாட்டையும் பேச்சையும் இரு தொழில்களாக, ஒன்று மற்றதன் நிழலாகிவிடாதபடி, இத்தனை காலம் நடத்திவந்திருக்கிறார்.

‘கிரேப்ஃப்ரூட்’ ஆல்பத்தின் பாடல்களில் காலத்தைத் தாண்டி நின்றது எது என்று கேட்டால், தொடரின் தொடக்கப் பாடலைச் சொல்வார்கள் என்று பலரும் எதிர்பார்ப்பார்கள். என் பார்வையில் அந்த இடம் ‘பொக்கெட்டோ ஓ கரா நி ஷிதே’ பாடலுக்குரியது. சட்டைப்பையைக் காலி செய்துவிட்டுச் சுமையில்லாமல் கிளம்பச் சொல்லும் எளிய, நடைபோடும் தாளத்தில் அமைந்த பாட்டு அது. அவருடைய கச்சேரிகளின் முடிவில் இந்தப் பாடலை ரசிகர்களும் சேர்ந்து பாடுவது வழக்கமாகிவிட்டது. பட்டியலில் உயர்ந்த இடம் பெற்ற பாடல்கள் பின்னாளில் இருந்தும், நிறைவுக்கு அவர் தேர்ந்தெடுப்பது பதினேழு வயதில் பாடிய இதைத்தான். ஒரு கலைஞரே தம் முதல் ஆல்பத்துக்கு இப்படி ஓர் இடம் கொடுத்திருக்கும்போது, அதை உபரி வணிகம் என்று நாம் ஒதுக்குவது முறையாகுமா?

அனிமே இசையைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. இளைய வாசகர்கள் இந்தப் பாடல்களை இணையத்தில் கேட்டுத் தாமாகவே விரும்பத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் கேட்ட பாடலை எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், அது எந்த ஆல்பத்தில் எந்த ஆண்டு வந்தது என்பதைத் தமிழில் தெரிந்துகொள்ள அவர்களுக்கு இடமில்லை. தங்களைப் போன்ற நாளிதழ் அந்த இடத்தைத் தரமுடியும். ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ‘கிரேப்ஃப்ரூட்’ ஒரு தொடரின் பாடல் தொகுப்பன்று, மாயா சகாமோட்டோவின் முதல் தனி ஆல்பம் என்ற திருத்தத்தை அடுத்த இணைப்பில் வெளியிட வேண்டும். இனி இத்தகைய பாடல்களைக் குறிப்பிடும்போது பாடியவரின் பெயரோடு பாடலாசிரியரின் பெயரையும் இசையமைப்பாளரின் பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும். யோகோ கன்னோவின் பெயரோ யூஹோ இவாசாட்டோவின் பெயரோ அந்தக் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. குரல் நடிகர்களின் ஆல்பங்களை மதிப்பிட விரும்பினால், பொழுதுபோக்குத் துணுக்குகளுக்கு இடையில் அல்லாமல், இசை விமர்சனப் பகுதியில், ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாறாமல் கேட்ட ஒருவரைக் கொண்டு எழுதச் செய்ய வேண்டும். அந்த மதிப்பீடு கடுமையாக இருந்தாலும் நான் வரவேற்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மதுரை.